சமூக விஞ்ஞானம் படிப்பவர்களுக்கு: வாசகர் கேள்வி – பதில்

கலைப்பீட அனுமதி, ஒப்படை, ஆய்வேடு, வேலை பற்றிக் கொழும்பு வாசகர்கள் அனுப்பிய கேள்விகளுக்குப் பதில்கள். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்தால் ஒரு கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.

கேள்வி: உயர்தரத்தில் தமிழ், புவியியல், அரசறிவியல் படித்தேன். கலைப்பீடம் கிடைத்திருக்கிறது. முதலாம் ஆண்டில் சமூகவியலா, அரசறிவியலா, பொருளியலா என்று குழப்பமாக இருக்கிறது. "சமூகவியல் லேசு, அதை எடு" என்கிறார்கள் சீனியர்மார்.
– வாசகி, கொட்டாஞ்சேனை

பதில்: லேசு என்ற காரணத்துக்காக எந்தப் பாடத்தையும் எடுக்காதீர்கள். குடும்பம், சாதி, திருமணம், மதம் எல்லாம் ஏற்கெனவே தெரிந்த சங்கதிகள் போலத் தோன்றுவதால்தான் சமூகவியல் முதல் ஆண்டில் இலகுவாகப் படுகிறது. இரண்டாம் ஆண்டில் கோட்பாடும் ஆய்வு முறையும் வந்ததும், "தெரிந்தது" என்று நினைத்ததையெல்லாம் ஆதாரத்தோடு நிறுவச் சொல்வார்கள். சறுக்குவது அங்கேதான்.

ஒரே விடயத்தை மூன்று பாடங்களும் எப்படிப் பார்க்கின்றன என்று பாருங்கள். கொழும்பில் 'தோட்டம்' எனப்படும் நெருக்கமான நகரக் குடியிருப்புகளில் இருந்த குடும்பங்கள் தொடர்மாடிகளுக்கு மாற்றப்பட்டன. பொருளியல் படிப்பவர் விடுவிக்கப்பட்ட காணியின் பெறுமதியையும், புதிய வீட்டின் மாதாந்தக் கட்டணத்தையும், வேலைக்குப் போகும் பஸ் செலவு கூடியதையும் கணக்கிடுவார். அரசறிவியல் படிப்பவர், முடிவெடுத்தது எந்த அதிகாரசபை, எந்தச் சட்டத்தின் கீழ், குடியிருந்தோரின் சம்மதம் எப்படிப் பெறப்பட்டது என்று கேட்பார். சமூகவியல் படிப்பவர் பழைய ஒழுங்கையில் பிள்ளையைப் பார்த்துக்கொண்ட பக்கத்து வீட்டு அக்கா இப்போது ஏழாம் மாடியில் இருக்கும்போது தாய்மாரின் வேலைக்கு என்ன நடந்தது என்று தேடுவார். இந்த மூன்றில் எந்தக் கேள்வி உங்களை விடாமல் பிடிக்கிறதோ, அதுதான் உங்கள் பாடம்.

அடுத்தது நடைமுறை. சிறப்புப் பட்டத்துக்குப் போக விரும்பும் பாடத்தை முதலாம் ஆண்டிலேயே எடுத்து, குறிப்பிட்ட தரத்தில் சித்தியடைந்திருக்க வேண்டும் என்பதுதான் வழக்கமான விதி. பீடத்தின் கைந்நூலில் அந்த நிபந்தனையைத் தேடிப் பாருங்கள். சிறப்புப் பட்டம் செய்ய விரும்பக்கூடிய இரண்டு பாடங்களை இப்போதே எடுத்து வையுங்கள். ஒரு கதவு மூடினாலும் மற்றது திறந்திருக்கும். தமிழ்மொழி மூலம் விரிவுரை நடப்பது முதல் ஆண்டில் மட்டுமா, கடைசி ஆண்டு வரையுமா என்பதைத் துறை அலுவலகத்தில் நேரே கேளுங்கள். இந்த ஒன்றில் சீனியர்மாரின் சொல்லை நம்பி இருக்க வேண்டாம், விரிவுரையாளர் எண்ணிக்கையைப் பொறுத்து இது ஆண்டுக்காண்டு மாறும். பாடம் மாற்றிக்கொள்ள அனுமதிக்கும் முதற் கிழமைகளில் நான்கு ஐந்து பாடங்களின் விரிவுரைகளுக்குப் போய் இருந்து பாருங்கள்.

புள்ளிவிபரவியல் பாடம் தெரிவாக இருந்தால் விடாதீர்கள். கணக்குப் பயம் என்று கலைப்பிரிவுக்கு வந்தவர்களும் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். உங்கள் அனுமதியைத் தீர்மானித்த இசட் புள்ளியே புள்ளிவிபரம்தான். உங்கள் மதிப்பெண்ணிலிருந்து சராசரியைக் கழித்து நியம விலகலால் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறிக் கிடக்கின்றன என்ற அளவால்) வகுத்தது அது. முதலாம் ஆண்டுப் பாடத்தின் பாதி, இந்த இரண்டு எண்களை விளங்கிக்கொள்வதுதான்.

கேள்வி: கிழமைக்குப் பன்னிரண்டு, பதினைந்து மணித்தியாலம்தான் விரிவுரை. மிச்ச நேரத்தில் பகுதிநேர வேலை செய்யலாமா?
– வாசகர், மட்டக்குளி

பதில்: செய்யலாம், ஆனால் கணக்கைப் பார்த்துவிட்டு. இலங்கைத் தகைமைகள் கட்டமைப்பின்படி 1 கிரெடிட் என்பது 50 மணித்தியாலக் கற்றல். 3 கிரெடிட் பாடம் ஒன்றுக்கு 150 மணித்தியாலம். விரிவுரைக்கு அதில் 45 போனால், மிச்சம் 105-உம் நீங்கள் தனியே வாசிக்கவும் எழுதவும் வேண்டிய நேரம். அப்படி ஐந்து பாடங்கள் ஒரு செமஸ்டரில் இருந்தால் 15 கிழமைகளில் பரப்பினால் கிழமைக்கு 50 மணித்தியாலம். கட்டமைப்பு கேட்கும் ஆகக்குறைந்த அளவு பொதுப் பட்டத்துக்கு 90 கிரெடிட், சிறப்புப் பட்டத்துக்கு 120. வாரஇறுதியில் ஒரு நாள் வேலை தாங்கும். தினமும் மாலை ஐந்து மணித்தியாலம் என்றால் வாசிப்புத்தான் முதலில் போகும், அது பரீட்சை முடிவு வரும்வரை தெரியவும் மாட்டாது. 80 வீத வரவு கேட்கும் பாடங்களில் பரீட்சை எழுதும் அனுமதியே சிக்கலாகும்.

கேள்வி: தமிழ்மொழி மூலம்தான் படிக்கிறேன். ஆனால் கொடுக்கும் கட்டுரைகள் எல்லாம் ஆங்கிலம். ஒரு பக்கம் வாசிக்க ஒரு மணித்தியாலம் போகிறது.
– வாசகி, தெமட்டகொடை

பதில்: வரிவரியாக மொழிபெயர்த்துக்கொண்டு போகிறீர்கள் என்று நினைக்கிறோம். அதை நிறுத்துங்கள். இருபது பக்கக் கட்டுரையில் முதலில் சுருக்கம், பிறகு கடைசிப் பகுதி, பிறகு உபதலைப்புகளும் அட்டவணைகளும். கட்டுரை எங்கே போய் முடிகிறது என்று தெரிந்த பிறகு நடுப்பகுதிக்குள் போனால் தெரியாத சொற்களில் பாதி தானாக விளங்கும். வாசித்து முடித்ததும் கொப்பியில் தமிழில் ஐந்தே வரி எழுதுங்கள்: ஆசிரியர் கேட்ட கேள்வி என்ன, எந்த ஆதாரத்தை வைத்தார், எந்த இடம் எந்தக் காலம், என்ன கண்டார், எனக்கு எங்கே சந்தேகம். ஐந்தாவது வரியை வெறுமையாக விடாதீர்கள். டியூட்டோரியலில் நீங்கள் வாய் திறப்பது அந்த வரியை வைத்துத்தான்.

கலைச்சொற்களுக்கு அதிகம் பேர் பயன்படுத்தாத ஒரு வழி இருக்கிறது. மத்திய வங்கியின் ஆண்டு வெளியீடுகளும் பாராளுமன்றச் சட்டங்களும் மூன்று மொழிகளிலும் வருகின்றன. ஒரே பகுதியைத் தமிழிலும் ஆங்கிலத்திலும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். பணவீக்கம், தொழிற்படை, அதிகாரப் பகிர்வு என்று ஒவ்வொரு சொல்லும் அதன் இடத்திலேயே அகப்படும். ஒவ்வொரு துறையிலும் திரும்பத் திரும்ப வரும் சொற்கள் 200 அளவில்தான் இருக்கும். அவற்றை ஒரு தனிக் கொப்பியில் சேர்த்துவிட்டால் இரண்டாம் செமஸ்டரில் உங்கள் வேகம் வேறு.

கேள்வி: நாலாம் ஆண்டு. "கொழும்பில் வாழும் மலையக இளைஞர்களின் சமூகப் பொருளாதாரப் பிரச்சினைகள்" என்று ஆய்வேட்டுத் தலைப்புக் கொடுத்தேன். மேற்பார்வையாளர் திரும்பத் திரும்ப மாற்றச் சொல்கிறார், எதை மாற்றுவது என்றுதான் விளங்கவில்லை.
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: உங்கள் தலைப்பின் ஒவ்வொரு சொல்லும் தனியே ஒரு ஆய்வு. கொழும்பு என்றால் மாவட்டமா, மாநகரமா? 2012 தொகைமதிப்பில் மாவட்டத்தில் 23 இலட்சம் பேர், மாநகர எல்லைக்குள் அதில் கால்வாசிதான். இளைஞர் என்றால் 15–24 வயதா, 18–29 வயதா? ஆண்கள் மட்டுமா? எல்லாவற்றிலும் பெரிய சிக்கல் "பிரச்சினைகள்" என்ற சொல்லில் இருக்கிறது. ஆய்வு தொடங்குவதற்கு முன்பே பிரச்சினை இருக்கிறது என்று முடிவுகட்டிவிட்டீர்கள். களத்துக்குப் போய் அதைப் பட்டியல் போடுவதைத் தவிர வேறு வேலை மிஞ்சாது. அறிக்கையாக அது வரும், ஆய்வாக வராது.

இப்படிக் குறுக்கிப் பாருங்கள். புறக்கோட்டை மொத்த வியாபாரக் கடைகளில் வேலை செய்யும் 18 முதல் 25 வயது வரையான மலையக இளைஞர்கள், முதல் வேலையை யார் மூலம் பெற்றார்கள்? அந்த வழி அவர்கள் சம்பளம் கூட்டிக் கேட்பதையும் வேலை மாறுவதையும் எப்படிப் பாதிக்கிறது? இதற்கு இடம் உண்டு, ஆள் உண்டு, இரண்டு விடயங்களுக்கு இடையிலான தொடர்பு உண்டு. கோட்பாடும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்கிறது. நெருங்கிய உறவுகளை விட அரைகுறைப் பழக்கமுள்ளவர்கள் மூலமே புதிய வேலைத் தகவல் அதிகம் வருகிறது என்ற வாதத்தை அமெரிக்கச் சமூகவியலாளர் மார்க் கிரனோவெற்றர் 1973-இல் முன்வைத்தார். அதே தோட்டத்து மாமாவின் கையைப் பிடித்துக் கொழும்புக்கு வந்த பையனுக்கு இது பொருந்துமா? அந்த மாமாவின் முகத்துக்காகவே அவன் சம்பளம் கேட்காமல் இருக்கிறானா? பதில் "ஆம்" என்றும் வரலாம், "இல்லை" என்றும் வரலாம். இரண்டுக்கும் இடம் இருந்தால்தான் அது ஆய்வுக் கேள்வி.

சிறியதாகப் போய்விடுமே என்று பயப்பட வேண்டாம். பிரித்தானிய மானிடவியலாளர் எட்மண்ட் லீச் 1954-இல் வட மத்திய மாகாணத்தின் புல் எலிய என்ற ஒரே ஒரு சின்னக் கிராமத்தில், காணியும் குளத்து நீரும் உறவுமுறையும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்பதைத்தான் பார்த்தார். மானிடவியலில் இன்றும் அதைப் பற்றி விவாதிக்கிறார்கள்.

இந்தக் கேள்விக்கு 15 முதல் 20 வரை ஆழமான நேர்காணல்கள் போதும். கடைக்குள், முதலாளி காதில் விழும் தூரத்தில் நேர்காணல் எடுக்காதீர்கள். கிடைப்பது முதலாளிக்கான பதிலாகத்தான் இருக்கும். ஞாயிற்றுக்கிழமையோ போயா தினமோ அவர்கள் தங்கும் அறையிலோ தேநீர்க் கடையிலோ சந்தியுங்கள். ஒருவர் மூலம் அடுத்தவரைப் பிடித்துக்கொண்டே போனால் எல்லாரும் ஒரே தோட்டத்துப் பிள்ளைகளாகிவிடுவார்கள். ஆகவே வேறு வேறு தெருக்களில், ஒன்றோடொன்று தொடர்பில்லாத நாலைந்து பேரிடமிருந்து தொடங்குங்கள். ஒரு மணித்தியால ஒலிப்பதிவை எழுத்தாக்க நான்கு முதல் ஆறு மணித்தியாலம் போகும். 18 நேர்காணலுக்குக் குறைந்தது 72 மணித்தியாலம். கடைசி மாதத்தில் அகப்பட்டுக்கொள்பவர்கள் பெரும்பாலும் இந்தக் கணக்கைப் போடாதவர்கள். அன்றன்று எடுத்ததை அந்தக் கிழமையே எழுதிவிடுங்கள். முதல் மூன்றை எழுதும்போதே எந்தக் கேள்வி வேலை செய்யவில்லை என்று தெரிந்துவிடும்.

ஒப்புதலைக் கடமைக்குக் கையெழுத்து வாங்குவதாக நினைக்காதீர்கள். இந்தப் பையன்களுக்கு வேலை போனால் தங்குமிடமும் சேர்ந்து போகலாம். கடையின் பெயர், தெருவின் பெயர், ஊரின் பெயர் மூன்றும் ஒன்றாக ஆய்வேட்டில் வந்தால் ஆளின் பெயரை மறைத்தும் பிரயோசனமில்லை. ஒலிப்பதிவுக் கோப்புகளுக்கு இலக்கம் மட்டும் இடுங்கள், பெயர்ப்பட்டியலை வேறு இடத்தில் வையுங்கள். 2022-ஆம் ஆண்டின் 9-ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தை ஒருமுறை தமிழில் வாசித்துவிடுங்கள். உங்கள் பீடம் நெறிமுறைக் குழுவின் அனுமதியைக் கேட்டால், களத்துக்குப் போகும் திகதிக்கு நன்றாக முன்னதாகவே விண்ணப்பியுங்கள்.

கேள்வி: என் ஆய்வுப் பிரதேசத்தில் 1000 குடும்பங்கள். சூத்திரத்தில் போட்டால் மாதிரி 286 என்று வருகிறது. கூகுள் போம் செய்து வட்ஸ்அப்பில் விட்டால் இரண்டு நாளில் சேர்ந்துவிடும். சரியா?
– வாசகி, தெகிவளை

பதில்: கணக்குச் சரி. 1000-ஐ, 1 + 1000 × 0.05 × 0.05 ஆல் வகுத்தால் 286 வரும் (0.05 என்பது 5 வீத வழு எல்லை). ஆனால் அந்தச் சூத்திரம் ஒரு நிபந்தனையோடு வருகிறது. 1000 குடும்பங்களில் ஒவ்வொன்றுக்கும் தெரிவாகும் வாய்ப்பு சமமாக இருக்க வேண்டும். வட்ஸ்அப்பில் உங்கள் குழுவில் இருப்பவர்கள், அவர்களது நண்பர்கள், பதில் எழுத மனமுள்ளவர்கள் மட்டுமே வருவார்கள். 1936 அமெரிக்க ஜனாதிபதித் தேர்தலில் 'லிற்றரரி டைஜஸ்ற்' சஞ்சிகை 20 இலட்சத்துக்கும் மேற்பட்ட பதில் அட்டைகளைப் பெற்று லாண்டன் வெல்வார் என்றது. வென்றவர் ரூஸ்வெல்ட். தெரிவு கோணலாக இருந்தால் எண்ணிக்கை அதை நிமிர்த்தாது.

ஒழுங்காக எடுத்த 100 குடும்பங்கள், அள்ளிச் சேர்த்த 286-ஐ விட உங்களுக்கு அதிகம் சொல்லும். செய்யும் விதம்: கிராம உத்தியோகத்தர் பிரிவின் வீட்டுப் பட்டியலைப் பெறுங்கள். பல்கலைக்கழகக் கடிதமும் பிரதேச செயலக அனுமதியும் தேவைப்படும், அதற்கே இரண்டு மூன்று கிழமை ஒதுக்குங்கள். 1000-இல் 100 என்றால் இடைவெளி 10. 1 முதல் 10 வரை சீட்டுப் போட்டு ஒரு எண்ணை எடுங்கள். 7 வந்தால் 7, 17, 27 என்று போங்கள். வாக்காளர் இடாப்பை மட்டும் நம்பினால் கொழும்பில் ஒரு ஆபத்து இருக்கிறது. வாடகைக்கு இருப்போரில் பலருக்கு வாக்கு யாழ்ப்பாணத்திலோ மட்டக்களப்பிலோ ஹற்றனிலோ இருக்கும், அவர்கள் உங்கள் மாதிரியில் வரவே மாட்டார்கள். பட்டியலோடு தெருவைச் சுற்றி நடந்து வீடுகளைச் சரிபாருங்கள். தொடர்மாடிகளில் காவலாளி வாசலிலேயே மறிப்பார், முகாமைத்துவக் குழுவிடம் முன்கூட்டியே கடிதம் கொடுத்து வையுங்கள்.

வீடு பூட்டியிருந்தால் உடனே பக்கத்து வீட்டைத் தட்டாதீர்கள். பகலில் வீட்டில் இருப்பவர்களும் வேலைக்குப் போனவர்களும் ஒரே மாதிரியானவர்கள் அல்லர். வேலைநாள் மாலை, சனி, ஞாயிறு என்று வேறு வேறு நேரத்தில் மூன்று தடவை போங்கள். மறுத்தவர்களையும் எண்ணி எழுதுங்கள், அந்த எண் ஆய்வேட்டில் வர வேண்டும்.

வினாக்கொத்தில் அடிக்கடி காணும் பிழைகள் சில. "உங்கள் பிரதேசத்தில் நீர், மின்சார வசதி திருப்தியா?" என்றால் அது இரண்டு கேள்வி, பதில் எதற்கென்று தெரியாது. வயது வகுப்பை 20–30, 30–40 என்று போட்டால் 30 வயதுக்காரர் எங்கே போவார்? வருமானத்தை முதற் பக்கத்தில் கேட்டால் பேச்சு அங்கேயே முறியும், அதைக் கடைசிக்குத் தள்ளி வகுப்புகளாகக் கேளுங்கள். தமிழிலும் சிங்களத்திலும் வினாக்கொத்து வேண்டுமென்றால் ஒருவர் மொழிபெயர்க்க, முதல் வடிவத்தைப் பார்க்காத இன்னொருவர் அதைத் திரும்ப மூலமொழிக்குக் கொண்டுவர வேண்டும். இரண்டும் விலகும் இடத்தில் கேள்வியைத் திருத்துங்கள். பத்துப் பேரிடம் முன்பரீட்சை செய்யாமல் அச்சடிக்கவே வேண்டாம்.

பகுப்பாய்வுக்கு முன் இன்னொரு கணக்கு. 60 பேரின் பதிலை ஐந்து வருமான வகுப்பு, நாலு கல்வித் தரம் என்று அட்டவணையிட்டால் 20 கட்டங்கள், ஒரு கட்டத்துக்குச் சராசரி 3 பேர். இரண்டு விடயங்களுக்கு இடையில் தொடர்பு உண்டா என்று பார்க்கும் கை வர்க்கச் சோதனைக்கு எதிர்பார்க்கும் எண்ணிக்கை பொதுவாகக் கட்டத்துக்கு 5-க்குக் குறையக்கூடாது. வகுப்புகளை இரண்டு மூன்றாக ஒடுக்குங்கள். எஸ்பிஎஸ்எஸ் மென்பொருளுக்கு உரிமம் இல்லையென்றால் ஜமோவி இலவசம், இந்த வேலைக்கு அது தாராளம். களத்தில் இணைய இணைப்பின்றியே கைத்தொலைபேசியில் பதில் பதிய கோபோடூல்பொக்ஸ் உதவும், தமிழ்ப் படிவமும் ஏற்றலாம்.

வேறு வழியே இல்லாமல் இணையப் படிவம்தான் என்றால் அதை 'வசதி மாதிரி' (கைக்கு எட்டியவர்களை மட்டும் சேர்த்த மாதிரி) என்று பெயர் சொல்லி எழுதுங்கள். "தெகிவளை மக்கள் கருதுகின்றனர்" என்று எழுதாமல் "பதிலளித்தோர் கருதுகின்றனர்" என்று எழுதுங்கள்.

கேள்வி: பழைய தரவுகள், பழைய தமிழ்ப் பத்திரிகைகள் கொழும்பில் எங்கே பார்க்கலாம்?
– வாசகர், பம்பலப்பிட்டி

பதில்: தேசிய சுவடிகள் காப்பகம் கொழும்பு 7-இல், பல்கலைக்கழகத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது. வீரகேசரி 1930-இலும் தினகரன் 1932-இலும் தொடங்கின. பழைய இதழ்களுக்கு அங்கே கேட்டுப் பாருங்கள். "ஐம்பதுகள்" என்று போய் நின்றால் நாள் முழுக்கத் தாள் புரட்டுவதிலேயே போய்விடும். மாதமும் ஆண்டும் குறித்துக்கொண்டு போங்கள். விகாரமகாதேவி பூங்கா பக்கத்துப் பொதுநூலகமும், சஞ்சிகைகளுக்கும் சிறு பிரசுரங்களுக்கும் 2005 முதல் இயங்கும் 'நூலகம்' என்ற இணையத்தளமும் உண்டு. இன, பால்நிலை ஆய்வுகளுக்கு இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையத்தின் நூலகத்தையும் விசாரியுங்கள்.

தொகைமதிப்பைப் பயன்படுத்துவோருக்கு ஒரு எச்சரிக்கை. 1971-ஐயும் 1981-ஐயும் ஒப்பிட்டு "கொழும்பு மாவட்டத்தின் சனத்தொகை வீழ்ந்துவிட்டது" என்று எழுதிவிடாதீர்கள். 1978-இல் கம்பஹா தனி மாவட்டமாகப் பிரிந்தது. 1991-இல் தொகைமதிப்பு நடக்கவேயில்லை. 2001-இல் 25 மாவட்டங்களில் 18-இல் மட்டுமே முழுமையாக நடந்தது, வடக்கும் கிழக்கின் பெரும்பகுதியும் அதில் முழுமையாக இல்லை. ஆகவே "2001-இல் இலங்கைத் தமிழர் வீதம்" என்று எந்த எண்ணைக் கண்டாலும் அது எந்த மாவட்டங்களுக்கு என்று முதலில் பாருங்கள். இலங்கைத் தமிழர், இந்தியத் தமிழர் என்ற பிரிப்பு 1911-இலிருந்து வருகிறது. மலையக மக்களில் ஒரு பகுதியினர் தங்களை இலங்கைத் தமிழர் என்று பதிந்துகொள்வதால், இந்தியத் தமிழர் எண் குறைவதை எல்லாம் புலம்பெயர்வு என்று எடுத்துக்கொள்ள முடியாது.

வெளியிடப்படாத தரவு அரச அலுவலகத்தில் இருந்தால் 2016-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் தகவல் அலுவலரிடம் எழுத்தில் கேளுங்கள். காரணம் சொல்ல வேண்டியதில்லை. 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவெடுக்க வேண்டும். "வெள்ளம் பற்றிய எல்லாத் தகவலும்" என்று கேட்டால் ஒன்றும் வராது. எந்தப் பிரிவு, எந்த ஆண்டுகள், எந்த அட்டவணை என்று எழுதுங்கள். விண்ணப்பத்தைத் தமிழிலேயே கொடுக்கலாம்.

கேள்வி: மகள் சமூகவியல் சிறப்புப் பட்டம் செய்ய ஆசைப்படுகிறாள். வேலை கிடைக்குமா என்பதே எங்கள் கவலை.
– ஒரு தந்தை, வத்தளை

பதில்: உங்கள் கவலை நியாயமானது, ஐயா. பட்டத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அரச நியமனத்துக்குக் காத்திருந்தால் ஆண்டுகள் போகும். ஆசிரியர் சேவையும், போட்டிப் பரீட்சை மூலமான நிர்வாக சேவையும் உண்டுதான். ஆனால் கொழும்பில் ஆய்வு நிறுவனங்கள், சந்தை ஆய்வுக் கம்பனிகள், அபிவிருத்தித் திட்டங்கள் கேட்பது வேறு: மூன்று மொழிகளில் இரண்டிலாவது நேர்காணல் எடுக்கும் திறன், தரவைச் சுத்தம் செய்து அட்டவணை போடும் பழக்கம், பத்துப் பக்க அறிக்கையைக் குறித்த நாளில் முடித்துக் கொடுப்பது. தமிழும் சிங்களமும் சரளமாகப் பேசிக் களத்தில் வேலை செய்யக்கூடியவர்கள் எப்போதும் குறைவு. மகள் இரண்டாம் ஆண்டு விடுமுறையிலேயே களத் தரவு சேகரிப்பாளராகக் குறுகியகால வேலைக்குப் போகட்டும், சிங்களத்தை இப்போதே பிடித்துக்கொள்ளட்டும். பட்டம் முடியும்போது காட்டுவதற்கு வேலை கையில் இருக்கும். ஆசையுள்ள பிள்ளையை வேறு பாடத்துக்குத் திருப்ப வேண்டாம் என்பதே எங்கள் கருத்து.

கேள்வி: முழுநேர வேலையில் இருக்கிறேன். வயது 31. இனிப் பட்டம் படிக்கலாமா?
– வாசகி, கொழும்பு 13

பதில்: தாராளமாக. நாவலையில் உள்ள இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் 1980 முதல் இதற்காகவே இருக்கிறது, அங்கே சமூக விஞ்ஞானப் பட்டமும் உண்டு. பாடநூலை வீட்டில் படித்து, குறித்த நாட்களில் பகல்வகுப்புக்கும் பரீட்சைக்கும் போவது முறை. சேரும் முன் நீங்கள் விரும்பும் பாடம் எந்த மொழிமூலம் நடக்கிறது, கட்டணத்தைத் தவணையாகக் கட்டலாமா என்ற இரண்டையும் கேளுங்கள். முதலாம் ஆண்டில் முழுப் பாடச்சுமையையும் எடுக்காதீர்கள்.

கேள்வி: உசாத்துணைப் பட்டியலில் தமிழ்ப் பெயர்களை எப்படிப் போடுவது? குடும்பப் பெயர் முதலில் வரவேண்டும் என்கிறார்கள்.
– வாசகர், வெள்ளவத்தை

பதில்: நமக்குக் குடும்பப் பெயர் இல்லை, முன்னால் இருப்பது தகப்பனின் பெயரின் தலையெழுத்து. ஆகவே க. கைலாசபதியை "கைலாசபதி, க." என்று எழுதி 'கை' வரும் இடத்தில் அடுக்குங்கள். கா. சிவத்தம்பி "சிவத்தம்பி, கா." ஆவார். தலையெழுத்தின்படி அடுக்கினால் வாசகர் எவரையும் கண்டுபிடிக்க முடியாது. இரண்டு முழுப்பெயர் கொண்டவர்களுக்கு, அவர் தன் நூலின் அட்டையில் எழுதிய வடிவத்தைப் பாருங்கள். தமிழ் நூல்களைத் தமிழ் அகரவரிசையில் தனியாகவும் ஆங்கில நூல்களைத் தனியாகவும் போடுவது துப்புரவாக இருக்கும். ஒரே ஆசிரியரின் பெயரை ஆங்கிலத்தில் இரண்டு விதமாக எழுதியிருந்தால் ஒன்றைத் தெரிவு செய்து ஆய்வேடு முழுவதும் அதையே வையுங்கள். ஆய்வேட்டின் உள்ளே சொன்ன எல்லா ஆண்டுகளும் பட்டியலில் அதே ஆண்டுகளாக இருக்கின்றனவா என்று அச்சுக்குக் கொடுக்கும் முன் ஒருமுறை விரல் வைத்துச் சரிபாருங்கள்.